புதுக் காரும் நகரச் சாலையும்: எண்ணெய்ச் செலவு பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஜொகூர் மாநிலத்தில், அதிலும் ஜொகூர் பாருவையும் அதைச் சூழ்ந்த மாசாய், ஸ்கூடாய், தெப்ராவ், பாசிர் கூடாங் முதலிய பகுதிகளையும் இருப்பிடமாகக் கொண்ட நம்மவர் குடும்பங்களில், புதுக் கார் ஒன்று வாங்கி, கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த ஆனந்தம் அடங்குவதற்கு முன்னரே எழும் முதல் மனக்குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: வண்டி எண்ணெய் குடிக்கிறது என்பதே அது. லிட்டருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று விற்பனைக்கூடத்தில் சொல்லக் கேட்டு, ஒன்பது ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்திட்டு வந்தவர், முதல் மாதக் கணக்கைப் பார்க்கும்போது பதினொன்றோ பன்னிரண்டோதான் தேறுகிறது என்று கண்டு திகைக்கிறார். விற்றவரைக் கேட்டால் ஓட்டுகிற விதம் சரியில்லை என்கிறார். பட்டறைக்காரரைக் கேட்டால் இக்காலத்து யந்திரங்களே இப்படித்தான் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய் நிலையத்தின்மீது பழி போடுகிறார். உடன் வேலை செய்பவரோ விலை உயர்ந்த ரோன் 97 ஊற்றிப் பார்க்கும்படி யோசனை சொல்கிறார். இவர்கள் சொல்வதில் எவ்வளவு நியாயம் உண்டு, குற்றவாளியை எல்லாரும் சேர்ந்து தவறான இடத்தில் தேடுகிறார்களா என்பதை நிதானமாக விசாரிப்பது அவசியமாகிறது. மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் ஒரு குடும்பத்தின் வரவு செலவும், ஒரு நகரம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்ற பெரிய விஷயமும் இதில் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

விசாரணைக்கு முன்னால் அளவை நேராக இருக்கவேண்டும். ‘ஐம்பது வெள்ளிக்கு ஊற்றினேன், ஒரு வாரங்கூட வரவில்லை’ என்று சொல்வது ஆதங்கமே தவிர அளவை ஆகாது. ஏனெனில் அந்த வாரத்தில் ஓடிய தூரமும், தொட்டியில் முன்பே கிடந்த மிச்சமும் கணக்கில் வரவில்லை. ஓட்டுநர் முன்னுள்ள திரையில் தோன்றும் சராசரியும் முழு நம்பிக்கைக்குரியதன்று; யந்திரத்தில் பீய்ச்சப்படும் எண்ணெயின் அளவிலிருந்து அனுமானித்துக் காட்டப்படும் அந்த எண், பல வண்டிகளில் உள்ளதைவிடச் சற்று உயர்த்தியே சொல்லும். சரியான வழி பழைய வழிதான். ஒரே நிலையத்தில், முடிந்தால் ஒரே குழாயில், கைப்பிடி தானாக முதல்முறை ‘டக்’ என்று நின்றவுடன் நிறுத்திக்கொண்டு, மேலும் சொட்டுச் சொட்டாக நிரப்பும் ஆசையை அடக்கி, ஓட்டமானியின் எண்ணைக் குறித்துவிட வேண்டும்; அடுத்த முறையும் அதே குழாயில் அதேபோல் நிரப்பி, இடையில் ஓடிய கிலோமீட்டரை இம்முறை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். முப்பத்தைந்து, நாற்பது லிட்டர் கொள்ளும் சிறிய தொட்டியில் குழாய் நிற்கும் இடம் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலும் கணக்குப் பிறழுமாதலால், ஒரு தடவை கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாமல், நாலைந்து தடவைகளைக் கூட்டிச் சராசரி பார்ப்பதே முறை. இவ்வாறு அளந்த பின்னும் பதினொன்று, பன்னிரண்டு என்றே வருமானால் அது பிரமையல்ல, மெய்யான செலவு என்று கொள்ளலாம்.

இனி, விற்பனைக்கூடத்தில் சொல்லப்பட்ட அந்த எண் எங்கே பிறந்தது என்று பார்ப்போம். 1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்ததும் உலகெங்கும் விலை ஏறிய பிறகுதான், ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு எண்ணெய் உட்கொள்கிறது என்பதைச் சோதித்துப் பிரகடனம் செய்யவேண்டும் என்ற எண்ணம் அரசாங்கங்களுக்கு அழுத்தமாக உண்டாயிற்று. அமெரிக்காவில் அதற்குக் கைகொடுத்தது, புகையின் நச்சுத்தன்மையை அளப்பதற்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் காலைநேரப் போக்குவரத்தை ஆதாரமாகக் கொண்டு முன்னரே வகுக்கப்பட்டிருந்த ஓர் ஓட்டச் சுற்று. ஐரோப்பாவிலும் 1970ஆம் ஆண்டளவில் புகைச் சோதனைக்கென்றே ஒரு நகர ஓட்டச் சுற்று ஏற்பட்டது. 1990களில் அதனோடு நெடுஞ்சாலைப் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டு, நெடுங்காலம் உலகின் பல நாடுகள் பின்பற்றிய ஐரோப்பிய முறையாக உருவெடுத்தது.

அந்த ஐரோப்பிய முறையைச் சற்றுக் கிட்டத்தில் நின்று பார்த்தால், நம் சாலைக்கும் அதற்கும் உள்ள தூரம் பிரத்தியட்சமாகத் தெரியும். வண்டி சாலையில் இறங்குவதே இல்லை. பரிசோதனைக் கூடத்தில் உருளைகளின்மீது நிற்கிறது. மொத்தம் 1180 விநாடிகள், ஏறத்தாழ 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் அளவு. நகரப் பகுதியில் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அனுமதிக்கப்படும் காலம் 26 விநாடிகள். தெப்ராவ் நெடுஞ்சாலையில் பச்சை விளக்கு விழுந்ததும் ஒருவர் 26 விநாடிகள் எடுத்துக்கொண்டு அந்த வேகத்துக்கு வருவாரானால், பின்னால் எழும் ஹாரன் ஓசையில் அவருடைய காது செவிடாகிவிடும். குளிர்சாதனம் அணைக்கப்பட்டிருக்கும், வெயில் இல்லை, மழை இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, குறுக்கே பாயும் மோட்டார் சைக்கிள் இல்லை, தாமான் குடியிருப்புச் சாலைகளில் வீட்டுக்கு வீடு கட்டிவைத்த வேகத்தடைகளும் இல்லை. இத்தகைய சாந்தமான உலகத்தில் பிறந்த எண்தான் நம் கையில் தரப்படுகிறது. அந்த எண்ணைப் பொய் என்று சொல்வதற்கில்லை. அது வேறோர் ஊரின் உண்மை. 2017ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் அதன் இடத்தைப் பிடித்த புதிய உலகளாவிய முறை 23 கிலோமீட்டர் தூரமும், 1800 விநாடி நேரமும், கூடுதலான வேகமும் கொண்டு பழையதைவிடக் கடுமையானதே. ஆனால் அதன் சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டருக்கும் மேல், வண்டி நிற்கும் நேரமோ மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலால் நெரிசல் மிகுந்த நகரவாசிக்கு அதுவும் முழுப் பிரதிநிதியாகாது.

மலேசியாவில், பெரோடுவா நிறுவனம் மலேசிய ஓட்டச் சுற்று என்ற பெயரில் ஒரு முறையைக் கையாளுகிறது. 2023ஆம் ஆண்டு வெளிவந்த அக்சியா காருக்கு அம்முறைப்படி லிட்டருக்கு 25 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட எண் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுச் சாலையைக் கருத்திற்கொண்டு சுற்று வகுப்பது போற்றத்தக்க முயற்சியே. எனினும் நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த எந்தச் சராசரியும், நாள் முழுவதும் நகரத்துக்குள்ளேயே உழலும் ஒருவரின் அனுபவத்தைச் சொல்லமுடியாது என்பது எண்கணிதம் அறிந்த எவர்க்கும் விளங்கும். அமெரிக்காவில் ஒட்டப்படும் விலைச்சீட்டில் நகரத்துக்கு ஓர் எண், நெடுஞ்சாலைக்கு ஓர் எண் என்று தனித்தனியே அச்சிடுகிறார்கள். அதுவும் உள்ளபடியே இல்லை என்று மக்கள் முறையிட்டதால், 1985ஆம் ஆண்டு நகர எண்ணை நூற்றுக்குப் பத்தும் நெடுஞ்சாலை எண்ணை நூற்றுக்கு இருபத்திரண்டும் குறைத்தார்கள். மறுபடி 2008ஆம் ஆண்டின் வண்டிகள் முதல் குளிர்சாதன ஓட்டம், அதிவேக ஓட்டம், குளிர்கால ஓட்டம் ஆகியவற்றையும் சேர்த்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டு விளம்பரங்களிலோ பெரும்பாலும் ஒற்றை எண்தான். இது சீர்ப்படவேண்டிய குறை என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

இந்தப் பேதம் ஜொகூர்க்காரருக்கு மட்டும் நேர்ந்த துர்பாக்கியம் அன்று. தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் ஐரோப்பிய வண்டிகளைப் பற்றி ஆண்டுதோறும் தொகுத்த கணக்கின்படி, அறிவிக்கப்பட்ட எண்ணுக்கும் மெய்யான செலவுக்கும் இடையிலான வித்தியாசம் 2001இல் நூற்றுக்கு எட்டு அளவில் இருந்து, 2017இல் முப்பத்தொன்பது அளவுக்கு வளர்ந்துவிட்டது. சாலைகள் பதினாறு ஆண்டுகளில் அவ்வளவு கெட்டுவிடவில்லை. சோதனைக்கு ஏற்றவாறு வண்டியைச் சீவிச் சிங்காரிக்கும் சாமர்த்தியமே வளர்ந்தது. புதிய முறை வந்தபின், வண்டிகளிலேயே பொருத்தப்பட்ட செலவுமானிகளைக் கொண்டு ஐரோப்பிய ஆணையம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கிலும் பெட்ரோல், டீசல் வண்டிகள் அறிவித்ததைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகவே உட்கொண்டன. அப்பட்டமான மோசடியும் நடந்ததுண்டு. மிட்சுபிஷி நிறுவனம் 2016 ஏப்ரலில், ஜப்பானில் விற்ற ஏறத்தாழ 6,25,000 சிறு வண்டிகளின் சோதனைத் தரவுகளைத் திரித்ததாக ஒப்புக்கொண்டது. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2012இல் அமெரிக்காவில் தங்கள் எண்களைக் குறைத்துத் திருத்தி, இரண்டாண்டு கழித்துப் பத்துக்கோடி டாலர் அபராதமும் செலுத்தின. ஆயினும் நம் சாமானிய வண்டிக்காரருடைய குறைக்கு மோசடியைக் காரணமாகத் தேடவேண்டியதில்லை. இயற்பியலே போதுமான விடை தருகிறது. இந்த ஆராய்ச்சியின் மையமும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் சக்தி அடங்கியிருக்கிறது. அதில் பெரும்பகுதி உஷ்ணமாக வெளியேறிவிட, நகர ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்ந்தாலே நல்லது. ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள சிறிய காரை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட 62 கிலோஜூல் வேண்டும். யந்திரத்தின் விரயத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் சுமார் 10 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகிறது. அந்த வேகத்தை அடைந்து ஐம்பது கஜம் போகுமுன் முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிய, பிரேக்கை மிதித்தால், அந்தப் 10 மில்லிலிட்டரும் பிரேக் தகடுகளில் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. நிற்கும் நேரத்தின் செலவு இன்னொன்று: குளிர்சாதனத்தோடு சும்மா உறுமிக்கொண்டிருக்கும் சிறிய யந்திரம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும், அப்போது ஓடும் தூரமோ சூனியம். மூன்றாவது செலவு கண்ணுக்குப் புலப்படாதது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் ஓடும் ஆற்றலோடு செய்யப்பட்ட யந்திரத்தை மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊரவிடுவது, கலியாண அடுப்பை மூட்டி ஒரு டம்ளர் காப்பி போடுவது போன்றது. காற்று புகும் வாயிலை முக்காலும் மூடிவைத்துக்கொண்டு உழைப்பதால், யந்திரத்தின் உழைப்பில் பெரும்பங்கு அதன் சொந்த மூச்சுக்கும் உராய்வுக்குமே போய்விடுகிறது.

இவற்றைக் கூட்டிப் பார்ப்போம். தடையற்ற சாலையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் குற்றமற்ற கார் ஒன்று, மாசாயிலிருந்து நகர மையத்தை நோக்கிக் காலையில் 10 கிலோமீட்டர் போகிறது என்றும், அதற்கு நாற்பது நிமிஷம் ஆகிறது என்றும், அதில் பதினைந்து நிமிஷம் அசையாமல் நிற்கிறது என்றும், இருபது தடவை நின்று புறப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கு 500 மில்லிலிட்டர், நின்றதற்கு 250, புறப்பாடுகளுக்கு 200. ஆக மொத்தம் 950. மெதுவாகப் போவதால் காற்றின் எதிர்ப்புக் குறையும் லாபத்தைச் சற்றுக் கழித்துக்கொண்டாலும், லிட்டருக்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு என்ற அதே எண்ணுக்கு வந்து சேர்கிறோம். யந்திரத்தில் பழுதில்லை, எண்ணெயில் கலப்படமில்லை, ஓட்டுநரிடமும் பெருந்தவறில்லை. இருந்தும் பாதி போய்விட்டது. நகரத்தில் பெட்ரோல் தூரத்துக்கு மட்டும் செலவாவதில்லை. நேரத்துக்கும் நிறுத்தத்துக்கும் சேர்த்தே செலவாகிறது. அப்படியிருக்க, அந்தச் செலவு முழுவதையும் தூரத்தின் கணக்கிலேயே எழுதுவதால்தான் வண்டி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. இருநூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போய் மூவாரில் உறவினரைப் பார்த்து வந்த அதே காரில் லிட்டருக்குப் பதினெட்டு, பத்தொன்பது என்று எண் உயர்ந்துவிடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

குளிர்சாதனத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்புப்படி, மிகுந்த உஷ்ணத்தில், அதிலும் குறுகிய பிரயாணங்களில், குளிர்சாதனம் எரிபொருள் சிக்கனத்தை நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேலும் குறைத்துவிடக்கூடும். அவர்களுக்கு அது கோடைகாலச் செலவு. நமக்கு ஆண்டு முழுவதும் அதுவே காலநிலை. பகல் முழுவதும் தொழிற்சாலை வாசலில் வெயிலில் கிடந்து அடுப்பாய்க் கொதிக்கும் வண்டியில் ஏறி, குளிர்சாதனத்தை முழு வீச்சில் வைத்து, இரண்டு மூன்று கிலோமீட்டரில் உள்ள கடைக்குப் போய் இறங்கினால், உள்ளே குளிர்ச்சி நிலைபெறும் முன்பே பிரயாணம் முடிந்துவிடுகிறது. செலவு மட்டும் முழுமையாக நடந்து முடிகிறது. ஏறியவுடன் கண்ணாடிகளை இறக்கிச் சற்றுத் தூரம் ஓட்டி, உள்ளே அடைந்திருக்கும் அனலை வெளியேற்றிய பிறகு குளிர்சாதனத்தைப் போடுவது இந்த நஷ்டத்தை ஓரளவு குறைக்கும்.

புதிய வண்டி என்பதனால் வரும் விசேஷக் காரணங்கள் சில்லறைக் காரணங்களே. முதல் ஐயாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர் வரை யந்திரத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகாமல் சிறிது இறுக்கமாக இருக்கும். அதன் பின் எண் கொஞ்சம் உயரலாம், இரட்டிப்பாகாது. டயரில் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் நூற்றுக்கு 0.2 அளவு நஷ்டம் என்பதும் அமெரிக்கர்களின் கணக்கே. மாதம் ஒரு தரம் காற்றுப் பார்ப்பதற்கு நிலையத்தில் காசு கேட்பதில்லை. பின்பெட்டியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மூட்டை முடிச்சுகளை இறக்கிவைப்பதும் நல்லது. ரோன் 95க்கென்று செய்யப்பட்ட யந்திரத்தில் ரோன் 97 ஊற்றுவதால் பயன் ஏதும் இல்லை; அந்த எண் எரிபொருள் காலத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் தன்மையைக் குறிப்பதே அன்றி, அதில் அடங்கிய சக்தியைக் குறிப்பதன்று. தொட்டியில் கலக்கும் மருந்துகள், எண்ணெய்க் குழாயில் மாட்டும் காந்தங்கள் ஆகியவற்றில் பணத்தைப் போடுவதைவிட அந்தப் பணத்துக்கே எண்ணெய் ஊற்றுவது புத்திசாலித்தனம்.

ஜொகூர் பாருவின் சாலைகள் ஏன் இவ்வளவு நேரத்தை விழுங்குகின்றன என்பதை அறிய, நம்மவரின் சரித்திரத்தையே சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது. கூலாய், உலு தீராம், ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார் விடிகாலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டுக்கும், அங்கிருந்து பால்மரத்து நிரைக்கும், மாலையில் லயத்துக்கும் நடந்தே போய்வந்தார்கள். வேலையும் வீடும் ஒரே வேலிக்குள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், கடைசியில் தாமான்களாக அளந்து விற்கப்பட்டும் போனபின், பேரப்பிள்ளைகள் பாசிர் கூடாங் துறைமுகப் பகுதித் தொழிற்சாலைகளுக்கும், செனாய்க்கும், பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றார்கள். தோட்டங்கள் இருந்த இடத்தில் ஒவ்வொன்றாக முளைத்த தாமான்கள் ஒன்றோடொன்று இணையாமல், ஒவ்வொன்றும் ஒரே வாயில் வழியாகப் பெருஞ்சாலையில் வந்து விழுவதாக அமைந்தன. 1985இல் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரோடுவா கஞ்சிலும், 2005இல் மைவியும் வந்து, சொந்தக் கார் என்பது சாமானியருக்கும் எட்டும் பொருளாயிற்று. பேருந்தோ அதே அளவுக்கு வளரவில்லை. 1924இல் திறக்கப்பட்ட ஒரு கிலோமீட்டர் அளவே நீளமுள்ள ஜொகூர் பாலத்தையும், 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தையும் நம்பித்தான் நாள்தோறும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இரு கரைக்கும் போய்வருகிறார்கள். பாலத்தில் ஏற்படும் அடைப்பு பாலத்தோடு நிற்பதில்லை. வோங் ஆ ஃபூக் சாலை, தெப்ராவ், ஸ்கூடாய் என்று பின்னோக்கிப் பரவி, சிங்கப்பூர்ப் பக்கமே போகாதவருடைய எண்ணெயையும் எரிக்கிறது.

இவ்வளவு விரயமும் இத்தனை காலம் பெரிய கூக்குரலாக எழாததற்குக் காரணம் விலை. மானியம் பெற்ற பெட்ரோல் நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரு மூடுதிரையாக இருந்து வந்திருக்கிறது. 2008 ஜூனில் ஒரே இரவில் லிட்டருக்கு 78 காசு ஏறி 2 வெள்ளி 70 காசு ஆனபோது நாடெங்கும் வண்டியின் சிக்கனம் பேசப்பட்டது. 2014 டிசம்பரில் மானியம் நீக்கப்பட்டுச் சந்தையோடு விலை ஏறி இறங்கத் தொடங்கியபோதும் சிறிது பேசப்பட்டது. 2021 பிப்ரவரியில் ரோன் 95 விலைக்கு 2 வெள்ளி 5 காசு என்று உச்சவரம்பு கட்டியபின் பேச்சு அடங்கிவிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி 95 திட்டம், அடையாள அட்டையைக் காட்டும் குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1 வெள்ளி 99 காசு என்றும், மற்றவருக்கு அப்போது 2 வெள்ளி 60 காசு என்றும் இரண்டு விலைகளை ஏற்படுத்தியது. அளவு ஒன்றைக் கட்டி, அட்டையைச் சொருகி வாங்கச் செய்ததனால், ஒவ்வொருவரும் மாதம் எத்தனை லிட்டர் எரிக்கிறோம் என்பதை வெள்ளிக் கணக்கில் அல்லாமல் லிட்டர்க் கணக்கில் பார்க்கப் பழகுகிறார்கள்; இத்திட்டத்தின் பயன்களுள் இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றி, காருக்கு வாரம் 20 லிட்டர் என்று பங்கீடு செய்யப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒவ்வொரு லிட்டருக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று குழந்தைகளும் கணக்குப் போட்டார்கள் என்றால் மிகையாகாது. அத்தகைய நெருக்கடி வந்துதான் அளக்கக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதில்லை.

பரிகாரங்களில் ஓட்டுநர் கையில் இருப்பவை சில. முன்னே நூறடி, இருநூறடி தள்ளிப் பார்த்து, சிவப்பு விளக்கு தெரிந்தவுடன் மிதியை விட்டுவிட்டு வண்டியைத் தானாக ஓடவிட்டால், அந்நேரத்தில் இக்கால யந்திரங்கள் எண்ணெயையே நிறுத்திவிடுகின்றன; கடைசி நொடி வரை மிதித்துப் பிறகு பிரேக் போடுபவர் ஒவ்வொரு சந்திப்பிலும் பணத்தைச் சூடாக்கி விடுகிறார். நிற்கும்போது யந்திரம் தானே அணைந்து, புறப்படும்போது தானே உயிர்பெறும் வசதியை, வண்டி உதறுகிறது என்றும், பாட்டரி விலை அதிகம் என்றும் பலர் நிரந்தரமாக அணைத்து வைத்திருக்கிறார்கள். யந்திரம் நின்றால் குளிர்சாதனமும் ஓய்ந்து, சிறிது நேரத்தில் வெதுவெதுப்பான காற்று வருவதால், நம் வெயிலில் அந்த வெறுப்பு நியாயமானதே. ஆயினும் விடிகாலைப் பிரயாணத்திலும் இரவிலும் அதை உபயோகிக்கத் தடையில்லை.

நின்று நின்று போகும் நகரத்துக்கென்றே பிறந்ததுபோன்ற யந்திரம் ஒன்று உண்டு. 1997இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வழியாக அறிமுகமான கலப்பு யந்திரம் அது. நிற்கும்போது யந்திரத்தை அணைத்து, பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாகச் சேமித்து, அடுத்த புறப்பாட்டுக்கு அதையே கொடுப்பதால், மேலே நான் கணக்கிட்ட 250 மில்லிலிட்டரிலும் 200 மில்லிலிட்டரிலும் பெரும்பகுதி மீந்துவிடுகிறது. நெரிசலில்தான் அதன் பெருமை தெரியும். ஆனால் வீட்டுக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. மாதம் 1000 கிலோமீட்டர் ஓடுபவருக்குச் சாதாரணக் கார் லிட்டருக்கு 11, கலப்பு யந்திரக் கார் 20 என்று கொண்டால், மிச்சமாவது மாதம் 41 லிட்டர். மானிய விலையில் அது 81 வெள்ளி, ஆண்டுக்கு ஆயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. வாங்கும் விலையில் 20,000 வெள்ளி வித்தியாசம் இருந்தால், அதை மீட்க இருபது ஆண்டுகள் ஆகும். மானியமற்ற அன்றைய 2 வெள்ளி 60 காசு விலையிலும் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் நம் சாமானியர் மைவியையும் அக்சியாவையும் வாங்குகிறார்; அவருடைய தேர்வை அறியாமை என்று சொல்லத் துணிபவர் அவருடைய சம்பளச் சீட்டையும் ஒருமுறை பார்க்கவேண்டும். முழு மின்சாரக் காரும் நகரத்துக்கு மிகப் பொருத்தமானதே. இரவில் சொந்த வாசலில் மின்னேற்ற வசதியுள்ள தரைவீட்டுக்காரருக்கு அது இலகு, அடுக்குமாடியில் இருப்பவருக்கு இன்னும் சிரமம்.

ஆகவே செலவின் பெரும்பகுதியைக் குறைக்கும் ஆற்றல் வாங்குபவரிடமோ விற்பவரிடமோ இல்லை. சாலையை ஆள்பவரிடமே இருக்கிறது. விற்பனைக்கூடத்தில் ஒற்றை எண்ணுக்குப் பதில், நெடுஞ்சாலையில் இவ்வளவு, குளிர்சாதனத்தோடு நெரிசலில் இவ்வளவு, நிற்கையில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று மூன்று எண்களைச் சீட்டில் ஒட்டும்படி சட்டம் செய்வது ஒரு நாளிலும் அதிகச் செலவின்றியும் செய்யக்கூடிய காரியம். சாலை விளக்குகளை ஒன்றோடொன்று இயைந்து எரியச் செய்து, பத்துத் தடவை நிற்கும் சாலையில் ஐந்து தடவை நிற்கும்படி ஆக்கினால், அச்சாலையில் போகும் ஒவ்வொரு காரும் ஒரு வேளைக்கு 50 மில்லிலிட்டர் மிச்சப்படுத்தும். எத்தனை ஆயிரம் கார்கள் என்று பெருக்கிப் பார்த்தால் அதன் அளவு புலப்படும். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை நாலு கிலோமீட்டர் தூரத்தை ஐந்து நிமிஷத்தில் கடந்து, ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றிச்செல்லும் ஆற்றலோடு, 2026ஆம் ஆண்டு இறுதியில் சேவையைத் தொடங்கும் திட்டத்தில் கட்டப்பட்ட துரித ரயில், பாலத்தின் பாரத்தைக் குறைக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. ஆனால் உலு தீராமிலிருந்தும் மாசாயிலிருந்தும் வேலைக்குப் போகிறவர் அந்த நிலையத்தை அடைவதற்குக் காரைத்தான் எடுக்கவேண்டும் என்ற நிலை நீடித்தால், நெரிசல் பாலத்தின் வாயிலிலிருந்து புக்கிட் சாகார் வாயிலுக்கு இடம் மாறும். தாமான் தோறும் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் பேருந்தை, அதற்கென ஒதுக்கிய தடத்தில், ரயில் ஓடத் தொடங்கும் நாளிலேயே ஓடவிடும்படி மாநில அரசாங்கத்தையும் நகராண்மையையும் நம்முடைய சட்டமன்ற உறுப்பினர்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் வற்புறுத்தவேண்டும். கார் எண்ணெய் குடிக்கிறது என்று பட்டறையில் முறையிடுபவர், அதே முறையீட்டை எடுத்துச் செல்லவேண்டிய இடம் அதுவே.